தாம்பூலப்பையில் ஒரு சொல்

பிளெய்ன்ஸ்பரோ,
செப்டம்பர் 14

அன்புக் கண்ணு வெண்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. ரவுண்ட் ராக்கில் நீயும் அச்சுதனும் நாய்க்குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீ என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. கூப்பிட்டால் “லேட்டரா பேசலாம்மா” என்று ஒரு மெசேஜ் வருகிறது. அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், மெதுவாகவாவது படித்துவிடுவாய்.

நீயும் அச்சுதனும் எழுதிக்கொண்டதாக நீ அனுப்பிய அக்ரிமெண்ட் நகல் வந்தது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், இதைப் படித்துச் சரி என்று தோன்றினால் மட்டும் தீபாவளிக்கு வாருங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அந்த ‘மட்டும்’ இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர்கள் பிரிவதற்கு முன்னாலேயே பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்களே என்று அப்பாவிடம் அழுதேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, “இதுல நீயும் இருக்கற மாதிரி தெரியுது, பாரு” என்று என்னிடம் நீட்டினார். இருவரும் கணவன் மனைவி அல்ல, குடும்பத்தார் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலும் எழுதியிருந்தாலும் அது எங்கள் சம்மதத்தோடு நடந்ததல்ல என்று ஒரு பத்தி. எழுதிய குடும்பத்தார் யாரென்று எனக்குத் தெரியாதா.

மே மாதம் உங்கள் வீட்டில் பால் காய்ச்சியபோது நான் கோயம்புத்தூரில் அச்சடித்து வாங்கி வந்த நூறு தாம்பூலப்பையில் ‘வெண்பா – அச்சுதன் தம்பதியரின் புதுமனை புகுவிழா’ என்று போட்டிருந்தது. நீ ஒரு பையைக் கையில் எடுத்து, தம், ப, தி, யர் என்று எழுத்துக்கூட்டி, “தம்பதியர்னா என்னம்மா?” என்று கேட்டாய். வீட்டுக்காரர்கள் என்று அர்த்தம் என்றேன். அது பாதிப் பொய். அன்று உங்கள் பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டியிடமும் அச்சுதனைக் காட்டி “எங்க மாப்பிள்ளைங்க” என்று சொன்னேன். நம் பக்கம் மாப்பிள்ளை என்பது தெருவில் போகிறவனைக்கூடக் கூப்பிடுகிற வார்த்தைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் இருக்கிற டெக்சாஸில் தாலியும் வேண்டாம் பதிவும் வேண்டாம், இருவரும் ஒத்துக்கொண்டு ஒன்றாக வாழ்ந்து ஊரார் முன்னால் கணவன் மனைவியாக நடந்துகொண்டால் கல்யாணம் ஆனதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வக்கீல் சொன்னதை நீ போனில் கத்திச் சொன்ன அன்றுதான் தெரியும். நாலு பேர் என்ன கேட்பார்களோ என்று பயந்து நான் போட்ட ஒரு சொல் உங்கள் இரண்டு பேரின் முடிவுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தப்புத்தான் கண்ணு. பொய் சொன்னது அதைவிடத் தப்பு.

மூன்றாம் நாள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பிரிந்தால் வீட்டில் யார் இருப்பது, நாய் யாரிடம் போவது, ஒருவர் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தால் அடுத்தவர் கையெழுத்துப் போடலாம் என்பதெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது எனக்கு நம் பழைய அபார்ட்மெண்ட் ஞாபகம் வந்துவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது, இப்போது உனக்கு இருப்பதைவிட மூன்று குறைவு. வாடகை லீஸில் அப்பா கையெழுத்துப் போட்டார், கீழே ‘உடன் குடியிருப்பவர்’ என்ற இடத்தில் என் பெயரை டைப் அடித்திருந்தார்கள். எழிலரசி என்று அமெரிக்கக் காகிதத்தில் பார்த்ததே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லி உன் அம்மாயிக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். உனக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒரு நாள் குப்பை போடப் போய்விட்டுத் திரும்பினால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அபார்ட்மெண்ட் ஆபீஸுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், லீஸில் கையெழுத்துப் போட்டவர் வந்தால்தான் சாவி தர முடியும் என்றாள். அப்பா பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி வரும்வரை இரண்டரை மணி நேரம் நாம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் சொன்னால் நம்பமாட்டாய், அந்த மாலையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. யார் வீட்டிலோ சீரகம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டுக் கொரியக் குழந்தை ஒரு பிளாஸ்டிக் வாளியோடு மேலே வந்தாள். அவள் அவள் மொழியில் பேச நீ தமிழில் பேச, இருவரும் வாளியைப் படியில் உருட்டி உருட்டி எடுத்தீர்கள். அப்பா மூச்சு வாங்க ஓடி வந்ததும் நீ அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து “இது என்ற கூட்டாளி” என்றாய். என்னுடைய சிநேகிதி என்று நம் ஊர்ப் பேச்சில், என் வாயிலிருந்து நீ பொறுக்கிய வார்த்தை. நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் குடியிருக்கலாம், சாவி கேட்க முடியாது என்கிற இடம் எனக்கு அன்று புரிந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட.

உன் அக்ரிமெண்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கையெழுத்து. உன்னுடையது தமிழில் இருக்கிறது, அந்த ‘ண்’ணை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சுழித்திருக்கிறாய். யாரும் யாருக்கும் உடன் குடியிருப்பவர் இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று மறைக்கமாட்டேன், ஆனால் இனி அது நான் கேட்கிற கேள்வி இல்லை.

அச்சுதனை என்னவென்று சொல்வது என்பதுதான் மீதி இருந்தது. தமிழில் எந்த வார்த்தையை எடுத்தாலும் பின்னாலேயே ஒரு கல்யாண மாலை வந்துவிடுகிறது. “வீட்டுப் பத்திரத்துல பாதி அவன் பேரு, வீட்டுக்காரர்னே சொல்லு” என்று அப்பா கிண்டல் பண்ணினார், அதற்கும் நம் ஊரில் புருஷன் என்றுதானே அர்த்தம். கடைசியில் வார்த்தையை நீயே இரண்டரை வயதில் கொடுத்திருக்கிறாய். ஜலஜா ஆன்ட்டியிடம் நானே போய், அன்றைக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன், இவர் அச்சுதன், எங்கள் வெண்பாவின் கூட்டாளி என்று சொல்கிறேன். மிச்சமிருந்த நாற்பது பையிலும் தம்பதியர் என்பதை மட்டும் மார்க்கரால் அடித்தேன். அப்பா பார்த்துவிட்டு, “இப்பத்தான் சந்தேகமே வரும்” என்றார். அங்கே கொண்டுவரமாட்டேன், காய்கறி வாங்க வைத்துக்கொள்கிறேன்.

அக்ரிமெண்டின் ஒரிஜினலைச் சமையலறை டிராயரில் போடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும், பூட்டுகிற பெட்டியில் வை. நாய்க்குப் பால் வைக்காதே. இருவரும் மனம் ஒத்து நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். தீபாவளிக்கு வரலாமா என்று நான் கேட்கவில்லை, நீ கூப்பிடு, வருகிறோம்.

இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எ.நெ. என்று போட்டிருக்கிறேன், பார்த்தாயா? உங்கள் அக்ரிமெண்டைப் படித்தேன், சம்மதம் என்று அர்த்தம்.

உன் அம்மா,
எழிலரசி நெடுஞ்செழியன்