மசாலைத் தின்ற மஞ்சள் கொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

கோவை விடுதியிலிருந்து முக்கிய அறிவிப்பு: மூன்று நாளாக என் சாக்ஸை நானே துவைக்கிறேன். நீங்களும் அப்பாவும் சுகம்தானே?

நம் மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசாலில் படர்ந்திருக்கும் மஞ்சள் கொடியால் மசால் வாடுகிறதென்று அப்பாவை யூரியா போடவிடாதீர்கள். கல்லூரியில் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தோம். யூரியா போட்டதில் கொடி கொழுத்தது, மசால் சுருண்டது. போடாததில் மசால் தன் வேர்முடிச்சாலேயே தழைச்சத்து தேடிப் பிழைத்தது, கொடி நூலாக இளைத்தது.

"செடிக்கு வெச்ச சோத்தக் கொடி தின்னுபோட்டுது கண்ணு" என்றார் மதிவதனி மேடம். முதலில் கவனித்தவன் நான்தான். வகுப்பில் இப்போது என் பெயர் கொடி டாக்டர்.

கொடி பிடித்த மசாலை அறுத்து எரித்துவிடுங்கள், மாட்டுக்கு மீதியாவது மிஞ்சும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் அதிகமாகவே.

போனில் சொல்லப் பயந்துதான் கடிதம். பொங்கலுக்கு வந்தபோது தங்கச்சியைப் பயமுறுத்த ஒரு மஞ்சள் விக் வைத்து ஆடினேனே, அது கல்லூரியிலிருந்து கொண்டுவந்த இந்தக் கொடிதான். ஆடி முடித்து மசாலுக்குள் எறிந்தேன்.

உங்கள் மகன்,
கௌதமன்