சத்தம் வந்தால்தான் டீ

மச்சான்,

இன்று காலை உன் மேசை டிராயரைத் திறந்தேன். நீ சோதனைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் டியூப் அப்படியே சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் ஓடிப்போய், நான் கடைசியாக எழுதிய ஃபைலைத் திறந்தேன். ஏன் என்று சொல்கிறேன், திட்டாதே.

ஆக்சிஜன் மெஷின்களின் புரோகிராமுக்கு அடிப்படையாக நீ எழுதிய அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் எல்லா மாடலுக்கும் பொதுவானதை நீயே எழுதியிருந்தாய். ‘டியூப் அடைத்தால் என்ன செய்வது’ என்ற இடத்தில் மட்டும் பெயரை வைத்துவிட்டு, உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அந்தந்த மாடலுக்கு எழுதுகிறவன் அதை நிரப்பியே தீரவேண்டும். இல்லையென்றால் கம்பைலர் பிழை காட்டி, புரோகிராமை ஓடவிடாது. முதல் மாடலை எழுதிய அன்று, அவசரத்தில் நான் அங்கே உள்ளே எதுவும் எழுதாமல் வெறும் அடைப்புக்குறிகளைப் போட்டேன். பிழை மறைந்தது. டீக்கு எழுந்தவனைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

“கம்பைலர் வாய மூடிட்ட மச்சான். அத்தோட மெஷின் வாயும் மூடிக்கிச்சு. டியூப மடக்கிப் பாரு. சத்தம் வந்தாத்தான் டீ.”

மடக்கினேன். அடைப்பைச் சொல்லும் அலாரச் சத்தம் வரவில்லை. அன்று டீ குடிக்க ஆறு மணி ஆனது. அதன்பின் ஒவ்வொரு மாடலுக்கும் அதுவே நம் வழக்கம்.

விபத்தில் நீ போனாய். திருமுல்லைவாயிலில் உன் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தேன். உன் நாற்காலிப் பக்கம் திரும்பாமல், டியூபை மடக்கிப் பார்க்காமலே, புது மாடலை எழுதிக் கொடுத்தேன். இன்று அந்த ஃபைலைத் திறந்தால் அதே இடத்தில் வெறும் அடைப்புக்குறிகள். நான் போட்டவை. அந்த மாடலில் ஆறு மெஷின்கள் ஒரு மருத்துவமனையில் ஓடுகின்றன. அங்கே டியூப் அடைத்தால் மெஷின் கத்தாது.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன்.

“இதுவரைக்கும் ஒரு புகாரும் வரலையேப்பா. அடுத்த வெர்ஷன்ல சேர்த்துக்கலாமே?”

“கத்தாத மெஷினப் பத்தி யாரு சார் புகார் சொல்லுவா?”

அவர் போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டார். அங்கே நோயாளிகளை ஒவ்வொருவராக வேறு மெஷினுக்கு மாற்றுகிறார்கள். இதுவரை ஐந்து பேர்.

இங்கே நான் எழுதாமல் விட்டதை எழுதிவிட்டேன். இங்கிருக்கும் சோதனை மெஷினில் உன் டியூபை மாட்டி மடக்கினேன். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. எல்லோரும் டீக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இனி இந்த டியூப் என் பையில்தான் இருக்கும்.

ஆறாவது ஆளை மாற்றிவிட்டதாகப் போன் வரவேண்டும். இன்னும் வரவில்லை மச்சான்.