மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு

திருச்சானூர்,
திங்கள் காலை

அன்புள்ள கௌசல்யா,

உன் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா? நான் சௌக்கியம். காரைப் பற்றி ஒரு சேதி. போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார் பெரிய இடத்து வண்டி. பழசானாலும் பவிசு குறையவில்லை. ஆனால் போன வாரம் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பயப்படாதே. ரேணிகுண்டாவில் மெக்கானிக் ஜெயபிரகாஷிடம் காட்டினேன்.

"வூட்டுக்கும் கம்பெனிக்குமே ஓட்டிக்கினு இருந்தா பொகை போற எடத்துல கரி அடைச்சிக்கும் சார். ஹைவேல நிக்காம தூரமா போய்ட்டு வாங்க, தானா சரியாப்பூடும்" என்றார்.

"ஒருத்தருக்கு எதுக்குங்க டீசல் வண்டி?" என்று நீ அன்றே கேட்டாய். ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒரு முறை மட்டும்.

பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு. கடையில் வாங்கி அனுப்பாதே, நீயே அரைத்தது வேண்டும். காய்கறிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து கார் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. பைக்கு பெல்ட் மாட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மெக்கானிக் சொன்னபடி நேற்று ஹைவேயில் போனேன். விளக்கு சித்தூரிலேயே அணைந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம். நம் திண்டுக்கல்லுக்குப் போகிற ரோடுதானே என்று வேலூர் வரை போய்விட்டேன்.

உன்,
வேலுச்சாமி