இடம் வலம் மாறின காத்து

அன்புள்ள குட்டியோட அம்மாவுக்கு,

நீங்க மூணு பேரும் சௌக்கியம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்குத் தும்மல் மட்டும்தான், அதுவும் இலைத் தூசியால.

போன கடிதத்துல சொன்னேனே, டிராக்டர் பின்னாடி மாட்டி, தோட்டத்து ரோட்டுல கிடக்கிற இலையை ஊதித் தள்ளுற மெஷின். பழைய இரும்புக் கடையில கிடைச்ச பெரிய ஃபேனை வச்சு நானே செஞ்சுட்டேன். நேத்து ஓட்டிப் பார்த்தேன். டிராக்டருக்கு எதிர்ல நின்னு இடம் வலம் குறிச்சுத் தொலைச்சிருக்கேன். சீட்ல ஏறி உட்கார்ந்தா எல்லாம் மாறிப்போச்சு. ஓரமா ஒதுங்க வேண்டிய இலையெல்லாம் டீயோட நின்ன சூப்பர்வைசர் மேல போய் விழுந்துச்சு. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்து பிரமாதம்ப்பா, திசைதான் சரியில்ல"ன்னார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா கடையில ரெடிமேடா வாங்கிடுவாராம்.

விடுவேனா? இன்னிக்குக் காலையிலயே வாயை அறுத்து எடுத்துட்டேன். மெஷின்ல காத்து வெளிய வர்ற வாயைத்தான், பயப்படாதே. மறுபக்கம் வச்சு வெல்டிங் அடிச்சா வேலை முடிஞ்சது. அப்புறமும் வாங்கணும்னா வாங்கட்டும், என் மெஷின் ஊதுறதைப் பார்த்துட்டு வாங்கட்டும்.

மூக்குல கட்டிக்கத் துணி வேணும். நீ கட்டிப் பழசான பருத்திப் புடவையில ரெண்டு துண்டு கிழிச்சு, நம்ம ஊருக்கு லீவுல வந்துட்டுத் திரும்புற எங்க டிரைவர்கிட்ட கொடுத்துவிடு. புதுசு வேண்டாம்.

தபால் வண்டி ஹாரன் அடிக்குது, முடிச்சுக்கறேன்.

குட்டியோட அப்பா

பி.கு.: துணியைத் துவைச்சு அனுப்பாதே.