நிற்பாட்ட ஏலாத அப்பா

லா சப்பல், பாரிஸ்
13.01.2022, வியாழன்

அன்பின் ஜெகதீஸ்வரிக்கு,

லண்டனில் நீரும் மூத்தவள் யசோதினியும் பிறந்த பேரனும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் சின்னவளும் சுகம். என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னவள் மிருணாளினி கணினிக்கு முன்னால் இருந்தாள். நான் சாரமும் பெனியனுமாக உள்ளே போய், கடைக்கு வருகிற அரியரத்தினம் அண்ணையின் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "பிள்ளை, அண்ணைக்குச் சீனி கூடவோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றேன். திரையில் முப்பது முகம், நடுவில் பேராசிரியர். அவர் "பொன்ஜூர் முசியே" என்றார். நான் கோயில் ஐயரைக் கண்டதுபோலக் கைகூப்பினேன். கூப்பினதில் சாரம் நழுவியது. மிச்சத்தைக் கேளாதேயும்.

பிள்ளை சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இனி வகுப்புக்கு நேரே போவதா, வீட்டிலிருந்தே கணினியில் படிப்பதா என்று நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மருத்துவத்துக்கு இந்த முதல் வருடம் ஒரே தரம்தான். தவறினால் திரும்ப எழுத விடமாட்டார்கள். மாதிரிப் பரீட்சைத் தாள் மேசையில் கிடந்தது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது, இலக்கம் வரும். முதல் தரம் இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆள். இப்போது அறுநூற்று நாற்பது.

வீடுதான் நல்லது என்று வாதாடினேன். போகவர மூன்று மணித்தியாலம் ரயிலில் வீண். வீட்டில் சூடாகச் சோறு. விளங்காத பாடத்தை நிற்பாட்டித் திரும்பக் கேட்கலாம். அவள் வழக்கம்போலப் பிரெஞ்சிலேயே மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், எனக்கு வடிவாக விளங்கட்டும் என்று தமிழுக்கு வந்தாள்: "பாடத்தை நிற்பாட்டலாம் அப்பா. உங்களை நிற்பாட்ட ஏலாது."

உண்மைதான். பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறாள் என்று கீழே கடையில் நின்று தம்பட்டம் அடித்தவன் நான். இப்போது மரக்கறி வாங்க வருகிற சனமெல்லாம் மருந்துச் சீட்டோடு மாடி ஏறுகிறது. நேற்று நீக்கிலாஸ் வந்து "டொக்டர் நிக்கிறாவோ?" என்று கேட்டுக் கார் இன்சூரன்ஸ் கடிதத்தை நீட்டினான். நான் மறிக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை, "நேரிலை போய்ப் படி பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். உடனே கணினியில் எழுதி அனுப்பினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "விடிய வெளிக்கிட்டா இருட்டினாப் பிறகுதான் வருவன். உங்கடை கடிதங்களை ஆர் பாக்கிறது? சமாளிப்பீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்று சிரித்தேன்.

இதற்குள் மடித்து வைத்திருப்பது பிரிபெக்சர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம். என் வதிவிட அட்டை அடுத்த மாதம் முடிகிறதல்லவா, அதைப் பற்றித்தான் இருக்கும். கடையில் யாருக்காவது காட்டினால் செய்தி எனக்கு முன்னே மாடி ஏறிவிடும். போனில் படம் பிடித்து அனுப்பினால், என் கைராசிக்கு, குடும்பக் குழுவில்தான் போய் விழும்; அதில் அவளும் இருக்கிறாள். பிரெஞ்சு தெரிந்த யசோதினியைக் கொண்டு வாசிப்பித்து, நான் கடையில் நிற்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லும். நல்லதோ கெட்டதோ, சின்னவளின் பரீட்சை முடியும்வரை அவள் காதுக்குப் போகக்கூடாது. உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பேரனை எனக்காகவும் ஒருதரம் கொஞ்சும்.

அவள் "சமாளிப்பீங்களோ?" என்று கேட்டபோது அந்தப் பிரிபெக்சர் கடிதம் ஐந்தாம் நாளாக என் சேர்ட் பைக்குள் இருந்தது. என் கை அதன்மேல்தான் இருந்தது. "போறதுக்கு முதல் இதை மட்டும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

சாரத்தை இறுக்கிக் கட்டியபடி,
உமது
இராஜதுரை