இருட்டுப் பத்து நிமிடம்

இன்று காலை கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ உன் அப்பாவின் பழைய ஆம்பிளிஃபயரைப் போட்டுவிட்டார்கள். அது சூடேறும்போது தூசியும் ரப்பரும் சேர்ந்து லேசாகக் கருகுகிற வாசனை ஒன்று வருமே, அது வந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷாக் அடித்துவிட்டதோ என்று பயந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அதெல்லாம் இல்லை, ஒருத்திக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்றேன்.

நேற்று ஞாயிறு. நீ போன பிறகு நாங்கள் நடத்திய முதல் காட்சி. மூன்று மாதமாக அரங்கம் பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகுகிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நீ இருந்திருந்தால் அந்தப் பொய்யை வாசலிலேயே பிடித்திருப்பாய். உன்னுடைய பத்து நிமிடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால்தான் பூட்டினேன். அது இல்லாவிட்டால் நம் நிகழ்ச்சி ஊரில் நடக்கிற பத்தோடு பதினொன்று. அதைச் செய்ய உன்னைவிட்டால் ஆளும் இல்லை. நேற்று என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோவையாக வரும். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மந்தைவெளியில் அந்தப் பள்ளிக்கூட ஹால். பகலில் வங்கி வேலை, சாயங்காலத்தில் நாடகம் என்று அலைந்த நம் டைரக்டர் சார், நாலு சின்ன நகைச்சுவை நாடகம், நடுவில் கொஞ்சம் மேஜிக், ஒரு பாட்டு என்று கலந்து கட்டி, அதற்குப் பல்சுவை நிகழ்ச்சி என்று பெயர் வைத்திருந்தார். நான் கதாநாயகி. கண்ணை உருட்டுவதிலும் வாயைக் கோணுவதிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. நீ மைக் செட்டோடு வந்தவள். வாடகைக்கு மைக் செட் விடுகிற உன் அப்பாவுக்கு அன்று முதுகுவலி, அதனால் உன்னை அனுப்பியிருந்தார். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாய்.

நாடகத்தில் நான் ஒண்டுக்குடித்தனக்காரி. பக்கத்துப் போர்ஷன் மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவாள், மேடைக்கு வரவே மாட்டாள். அவள் குரலைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். அன்று பார்த்து டேப் சிக்கிக்கொண்டது. நான் சுவரைப் பார்த்து, "மாமி, ஆத்துல இருக்கேளா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் உன் பக்கத்திலிருந்து அது வந்தது.

"இருக்கேன்டி, எங்க போறது? நீ கூப்டுண்டே இருக்கியேன்னுதான் காதுல விழாத மாதிரி உக்காந்துண்டிருக்கேன்."

ஹாலே அதிர்ந்தது. கேசட்டில் இருந்த மாமி அன்றோடு போனாள், நீ வந்தாய். எங்கே கற்றாய் என்று பிறகு கேட்டதற்கு, கல்யாண வீடுகளில் என்றாய். மைக் கட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பாயாம். மைக் உயிரோடு இருப்பது தெரியாமல் மாமிகள் சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுவார்களாம். "அவங்க பேசிக்கினே இருப்பாங்க, நான் ஆஃப் பண்ணாமலே இருப்பேன்" என்று நீ சொன்ன அன்றுதான் நாம் சிநேகிதிகள் ஆனோம்.

அப்புறம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. ஒரு நாள் காட்சி முடிந்ததும் நிஜமான மாமி ஒருவர் உள்ளே வந்து, குரல் கொடுத்த மாமியைப் பார்க்க வேண்டும், அச்சு அசலாகத் தன் நாத்தனாரேதான், எந்தத் தெரு என்று விசாரித்தார். வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்த உன்னை டைரக்டர் சார் கைகாட்டினார். நீ எழுந்து, உன் சொந்தக் குரலில், "நான்தாங்க" என்றாய். அவர் கடைசிவரை நம்பவில்லை.

அந்த சபாவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் கொஞ்சம் தொய்ந்தால் போதும், ஜனங்கள் கேன்டீனுக்கு எழுந்து போய்விடுவார்கள். செயலாளர் கதவருகே நின்று, போண்டாவுக்குப் போகிற கூட்டத்தை வைத்தே நாடகத்துக்கு மார்க் போடுவார். நம் புது நிகழ்ச்சி அவருக்கு ரசிக்கவில்லை. இந்த ஞாயிறும் பாதி ஹால் எழுந்து போனால் நம் இடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு பார்த்துத்தான் இரண்டாவது நாடகத்தின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மேடையில் நான் ஒருத்தி. என்னிடம் இருந்த ஒரே சரக்கு என் முகம். அது யாருக்கும் தெரியவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்போது மைக் இல்லாமல், இருட்டிலிருந்து நீ பேசினாய்.

"ஏன்டி, கரண்ட் போனா வாயுமா போயிடும்?"

நாற்காலிகள் நின்றன. அதற்குப் பிறகு நீ ஒரு தெருவையே கொண்டுவந்து இறக்கினாய். பால்காரரின் மணிச் சத்தம், கிளம்பாத ஸ்கூட்டர், எதிர்வீட்டுக் குழந்தை, அந்தக் குழந்தையைப் பார்த்துக் குரைக்கிற நாய், நடுவில் இத்தனை பேரையும் வரிசையாகத் திட்டுகிற மாமி. கரண்ட் திரும்பி வந்ததும் ஹால் முழுக்க "ஐயோ" என்றது. லைட்டை அணைக்கச் சொல்லிப் பின்வரிசையிலிருந்து சத்தம் போட்டார்கள். செயலாளர் கதவருகே, கடிக்காத போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஞாயிறு நமக்கே கிடைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் பத்து நிமிடம் விளக்கை அணைப்பது நம் வழக்கமாகிவிட்டது.

எனக்குப் பொறாமைதான். இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது? முகத்தைக் கோணிக்கோணி நான் வாங்கிய சிரிப்பு எல்லாம் ஒரு தட்டில், நீ ஒரு இருமலில் வாங்கிய சிரிப்பு இன்னொரு தட்டில். தி.நகரில் நடந்த நூறாவது காட்சியில், கலைஞர்களை அறிமுகப்படுத்தும்போது உன் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அன்பினால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி அன்பு இருந்தது, பாதிக்கு நான் பொறுப்பில்லை. ஜனங்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். அடுத்த வாரம் இருட்டில் சிரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. சிரிப்பதை விட்டுவிட்டு, நீ எங்கே நிற்கிறாய் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னிடம் கத்தவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, ஒரே ஒரு தடவை சொன்னாய்.

"மூஞ்சி தெரியாத வரைக்கும் அது அவங்கவங்க ஊட்டு மாமிடி. நீ இன்னாத்துக்கு என்னைக் கொண்டாந்து காட்டுன?"

சிரிப்பு பழையபடி திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் நீ என்னோடு வழக்கம்போலத்தான் சாப்பிட்டாய், ரயிலில் ஒன்றாகத்தான் போனாய். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

டைரக்டர் சார் காலமான பிறகு, சபாக்களில் நாடகத்துக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் மூடிக்கிடந்த லேத் பட்டறை ஒன்றை எடுக்கலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, நீ உள்ளே போய் ஷட்டரை இறக்கச் சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "எண்ணெய் வாடை கீது. ஆனா இருட்டு நல்லா கீது" என்றாய். அவ்வளவுதான், எடுத்துவிட்டோம். நூறு நாற்காலி போட்டு, சொந்தமாக ஓர் அரங்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று வேளச்சேரி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நீ, திரும்பி வரவில்லை.

லைட் போடுகிற பெண், நல்ல எண்ணத்தில்தான், பழைய காட்சிகளில் எடுத்த உன் பதிவுகளைப் போடலாம் என்று யோசனை சொன்னாள். போட்டுக் கேட்டேன். குரல் உன்னுடையதுதான். ஆனால் நீ நிறுத்திக் காத்திருக்கிற இடங்கள் எல்லாம் அன்றைக்கு வந்த கூட்டத்துக்கானவை. நேற்றைய கூட்டம் எங்கே சிரிக்கும் என்று அந்தப் பதிவுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்றேன். இருட்டுப் பகுதி இனிமேல் கிடையாது என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி, மேடையில் படித்துவிடுவதாக முடிவு செய்தேன். நான் படிக்கும்போது விளக்கு எரிய வேண்டும் என்று அவளிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

நான் தாளைப் பிரித்தேன். விளக்கு அணைந்தது.

பாவம், அவள் மேல் குற்றமில்லை. எத்தனையோ வருடமாக அந்த நேரத்துக்கு விளக்கை அணைத்துப் பழகிய கை. நான் இருட்டில், படிக்க முடியாத தாளோடு நிற்கிறேன். சபாவில் கரண்ட் போன அன்றைய பயம் திரும்பி வந்தது. எதிரே நூறு பேர். அவர்களுக்கும் தெரியும், நீ இல்லை என்று. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்.

"மாமி, ஆத்துல இருக்கேளா?"

பதில் இல்லை. வராது என்று தெரிந்தும் காத்திருந்தேன். பின்வரிசையில் ஒரு வயதான அம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

"இருக்கேன்டி, எங்க போறது?"

நடுவரிசையிலிருந்து இன்னொரு மாமி, காப்பிப்பொடி கடன் கேட்காதே என்றாள். இடதுபக்கம் ஒரு மாமிக்கு ஆண் குரல். வாசலோரம் வழக்கமாக உட்காருகிற ஆட்டோக்காரர், "நானும் ஆத்துலதான் கீறேன், இன்னா வோணும் சொல்லு" என்றதும் கூரை கிழிகிற மாதிரி சிரித்தார்கள். முகம் தெரியாமல் இத்தனை வருடம் நீ அவரவர் வீட்டில் குடியிருந்திருக்கிறாய். நீ சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆனால் கேள், முக்கியமானது இனிமேல்தான். நாற்பது வருடமாக அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி மட்டும் கேட்டவள் நான். நேற்று எனக்குப் பேச வந்தது. ஒவ்வொரு மாமிக்கும் பதில் சொன்னேன். சர்க்கரை கேட்டேன், சண்டைக்கு இழுத்தேன். ஸ்கூட்டர் மாதிரி ஒரு சத்தம்கூடக் கொடுத்துப் பார்த்தேன், படுமோசமாக இருந்தது, அதற்கும் சிரித்தார்கள். பிறகு, "மூணு மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல மாமி. நிம்மதியா தூங்கினேன்னு நினைச்சுக்காதேள்" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று என் உடம்புக்கே தெரிந்திருந்தது. அப்புறம், "பகல்லயும் தூங்கினேன்" என்றேன். அப்போது வந்த சிரிப்பு இருக்கிறதே, அது ஓய்ந்து அடங்க வெகுநேரம் ஆனது. என் கன்னமெல்லாம் ஈரம். யாருக்கும் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

விளக்கைப் போடட்டுமா என்று அந்தப் பெண் ஓரத்திலிருந்து இரண்டு முறை கிசுகிசுத்தாள். இரு என்றேன். பத்து நிமிடம் இருபதைத் தாண்டிவிட்டது.

முகத்தை வைத்தே பிழைத்தவள் நான், உனக்குத் தெரியும். இருட்டைக் கண்டால் நடுங்கியவள் என்பதும் உனக்கு மட்டும்தான் தெரியும். நேற்றோடு அந்த நடுக்கம் போய்விட்டது. அடுத்தவர் சிரித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிற பொறுமை எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது உன்னிடமிருந்து எடுத்ததுதான், கேட்காமலே எடுத்துக்கொண்டேன். இனிமேல் அந்தப் பத்து நிமிடம் என்னுடையதுடி. நீயே நேரில் வந்து கேட்டாலும் திருப்பித் தர மாட்டேன்.