‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்கிறது உன் கணினி

அடியே,

காலையில் நம் டி.டி.பி. கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’. அதற்குக் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று போட்டுவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று மினுக் மினுக்கென்று காத்திருந்தது.

எதிரே கோயில் கமிட்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கும்பாபிஷேகப் பத்திரிகை விஷயம். அலங்காநல்லூரைச் சுற்றியுள்ள அத்தனை வகையறாப் பெயரும், யார் முன்னால் யார் பின்னால் என்று சண்டை போட்டு முடிவான வரிசையில், அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தன. மதியத்துக்குள் மதுரை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

“இன்னொருக்கா வீடு வீடா பேரு கேட்டுப் போக முடியாதுத்தா. வெட்டுக்குத்தாயிரும்” என்றார்.

டிஸ்கில் இடம் போதவில்லை என்று நேற்று ஒரு சர்வீஸ் தம்பியை வரவழைத்திருந்தேன். நீ எப்போதோ விண்டோஸ் வைத்திருந்த பழைய பகுதியை அவன்தான் அழித்துவிட்டுப் போனான். அவனைக் கூப்பிட்டேன். டிஸ்க் போயிருக்கும், ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று, தலைவலிக்கு மாத்திரை சொல்வதுபோலச் சொன்னான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நாம் கடை போட்ட புதிதில் இதே வரி ஒருநாள் வந்தது. நான் அழுதேவிட்டேன். நீ டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாய். “வாசல்ல நிக்கிறவனுக்கு எந்த அறைன்னு தெரியல, அம்புட்டுதான். அதுக்குள்ள வீடே இடிஞ்ச மாதிரி அழுவுற” என்றாய். என்னென்னமோ தட்டினாய், சரியாகிவிட்டது. என்ன செய்தாய், எழுதி வை என்று நான் கெஞ்சினால், எல்லாம் தலையில் இருக்கிறது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டாய்.

தலையில்! லினக்ஸ்தான் வேண்டும், வைரஸ் வராது என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. டிஸ்கைத் துண்டு துண்டாக வகுந்து வைத்தவளும் நீ. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்படியே போய்விட்டாய். இப்போது நான் யாரைக் கேட்பது?

போனில் தேடிப் படித்தேன். அந்த நிலையில் கணினிக்குத் தெரிவது நாலைந்து சொற்கள்தான். எல், எஸ் என்று இரண்டெழுத்தைத் தட்டினால் டிஸ்கின் பகுதிகளை எண் போட்டுக் காட்டியது. அப்போதுதான் விளங்கியது. நடுவில் இருந்த பகுதியை அந்தத் தம்பி அழித்ததும் பின்னால் இருந்தவற்றின் எண்கள் மாறிவிட்டன. இது இன்னும் பழைய எண்ணிலேயே போய்த் தேடிக்கொண்டிருக்கிறது. உள்ளே எதுவும் அழியவில்லை.

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக் கேட்டேன். அன்நோன் என்றது. அடுத்ததற்கும் அன்நோன். அண்ணன் எழுந்து நின்று, வேறு கடை பார்க்கட்டுமா என்று இழுத்தார்.

“பேசாம உக்காருங்கண்ணே. நான் என்ன இங்க பல்லாங்குழியா ஆடிக்கிட்டிருக்கேன்?” என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். அடுத்த எண்ணில் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்த எண்ணைச் சொல்லி, அங்கே போய்ப் பார் என்று மேலும் சில வரிகளைத் தட்டினேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய், திட்டிக்கொண்டே மறுபடி தட்டினேன். திரையின் நிறம் மாறியது. உன் பெயரும், கடவுச்சொல் கேட்கும் கட்டமும் வந்தன. கடவுச்சொல்லைப் போட்டு முதல் வேலையாகப் பத்திரிகைக் கோப்பைத் திறந்தேன்.

பத்திரிகை அச்சகத்துக்குப் போய்விட்டது. நாளைக்கும் இந்தக் கூத்து வேண்டாம் என்று, கணினியைக் கிளப்பிவிடும் அந்தக் கிரப்பையே புதிதாக நிறுவி, இரண்டு முறை அணைத்துப் போட்டும் பார்த்தேன். எழுந்துகொள்கிறது.

தன் வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று திரையில் இன்னொருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்பிய அண்ணன், வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பினார். “போன புள்ள மாதிரியே நீயும் எரிஞ்சு விழுகுறத்தா” என்றார். குறையாகச் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், உன் நல்ல குணமெல்லாம் என்னோடு இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். உன் நிதானம் எனக்கு வரவில்லை. உன் தலையில் இருந்ததும் வரவில்லை. இந்த எரிச்சல் மட்டும் அப்படியே வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் கடையைத் திறக்கிறேன்.